மரக்கன்று நட்டாயிற்று, தண்ணீர்க் கணக்கு எங்கே?

ஜூன் 5 என்றால் கேரளக் கல்லூரிகளில் மரக்கன்று நடும் நாள். கொல்லத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் அது சரியான நாள்தான். இடவப்பாதி மழை இறங்கியிருக்கும், அல்லது இன்றோ நாளையோ இறங்கும். குழி தோண்டிக் கன்றை வைத்துவிட்டால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும். கோபாலபுரத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாயில் நுழையும் பருவக்காற்று, மழையை மேற்கிலேயே கொட்டிவிட்டு, இங்கே வந்து சேரும்போது பெரும்பாலும் வெறுங்காற்றாகத்தான் இருக்கிறது. கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் என்பார்கள். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்துக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. மண் ஆழமாக நனைய ஐப்பசி வரவேண்டும். ஆனால் சுற்றறிக்கை திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது. கன்றும் ஜூனில்தான் நடப்படுகிறது. ஆடிக் காற்றில் சாய்ந்து, ஆவணியில் காய்ந்துபோகிறது. அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று, இன்னொரு புகைப்படம்.

ஆசிரியர்களுக்கோ மாணவர்களுக்கோ அக்கறை இல்லை என்று சொல்ல வரவில்லை. அக்கறை நிறைய இருக்கிறது. அந்த அக்கறைக்கு உள்ளூர் முகவரி இல்லை என்பதுதான் குறை. நாளும் படிவமும் முழக்கமும் வெளியிலிருந்து வருகின்றன. தன் வளாகத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது, குப்பை கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டால் பெரும்பாலான கல்லூரிகளில் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டைப் பற்றி இவ்வளவு தெரியாமல் இருந்தால் ஊர் சிரிக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் சாலையில் கோபாலபுரம் ஓர் எல்லைச் சோதனைச்சாவடி. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, இரண்டு பக்கமும் தமிழ்ப் பேச்சு. இங்குள்ள பிள்ளைகள் சிலர் மேற்கே சித்தூர் அரசுக் கல்லூரிக்குப் போகிறார்கள்; சிலர் கிழக்கே பொள்ளாச்சிக்குப் போகிறார்கள். சித்தூர் கல்லூரி 1947இல் தொடங்கியது. தமிழ்த் துறை உள்ள கல்லூரி. பொள்ளாச்சியின் நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரிக்கு 1957 தொடக்கம். முன்னது கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ், பின்னது பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ். பாடத்திட்டம் வேறு, விடுமுறை வேறு, அரசு வேறு. ஒரே ஒரு பொருள் மட்டும் இரண்டுக்கும் பொது: ஆழியாறு. ஆனைமலையில் பிறந்து பொள்ளாச்சிப் பக்கம் ஓடி, எல்லை தாண்டிச் சித்தூர்ப்புழையாகிப் பாரதப்புழையில் கலக்கிறது அந்த ஆறு.

பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் இரு மாநிலங்களுக்கும் இடையே 1970 மே 29 அன்று கையெழுத்தானது. 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று வகுக்கப்பட்டது. அதன்படி மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்குச் சேரவேண்டும். லிட்டரில் சொன்னால் இருபதாயிரம் கோடிக்கு மேல். இந்தத் திட்டத்துக்காக விடாமல் குரல்கொடுத்தவர்களில் ஒருவர் அன்றைய பொள்ளாச்சி எம்எல்ஏ நா. மகாலிங்கம், மேலே சொன்ன கல்லூரியின் பெயரில் இருப்பவரும் அவரேதான். ஆற்றையும் கல்லூரியையும் ஒரே மனிதர் ஒரே காலத்தில் கையில் எடுத்திருக்கிறார். பிறகு வந்தவர்கள் இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கோடையில் தண்ணீர் குறைந்தால் விவசாயிகள் சாலையில் இறங்குகிறார்கள், அதிகாரிகள் கடிதம் எழுதுகிறார்கள். எல்லையின் இருபுறமும் உள்ள கல்லூரிகளிலிருந்து மணக்கடவைப் பற்றி ஓர் எண்கூட வெளியே வந்து காதில் விழுந்ததில்லை.

நிலத்துக்கு அடியில் நிலைமை இன்னும் மோசம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் சித்தூர் வட்டாரம் பல ஆண்டுகள் 'அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட' பகுதியாகவே இருந்தது. ஆறுகளும் உப்பங்கழிகளும் நிறைந்த கேரளத்தில் இப்படி ஒரு பட்டம் வாங்கியது இந்த வறண்ட மூலை. வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் ஆயிரம் அடியை எட்டும் போர்வெல் இன்று யாருக்கும் அதிசயமில்லை.

இதே மண்ணில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்தில் கோக்கக்கோலா ஆலை 2000இல் ஓடத் தொடங்கியது. சுற்றிலும் இருந்த கிணறுகளின் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கெட்டது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் முதன்மையானவர் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. பள்ளிக்கூடம் அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. குடத்தில் வந்த தண்ணீர் சொல்லிக்கொடுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் என்று தீர்ப்பளித்தார். பின்னர் மேல் அமர்வு அதை மாற்றியது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் ஓடவே இல்லை. திரும்பத் திறக்கும் எண்ணமில்லை என்று 2017இல் நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. 216.26 கோடி ரூபாய் சேதம் என்று உயர்நிலைக் குழு 2010இல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகக் கேரளச் சட்டமன்றம் 2011இல் ஒரு மசோதாவையும் நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

இன்று பிளாச்சிமடை ஒரு கருத்தரங்குத் தலைப்பு. பவர்பாயின்ட் உண்டு, சான்றிதழ் உண்டு, மதியம் பிரியாணியும் உண்டு. அதில் எப்போதும் வரும் ஒரு செய்தி, ஆலையிலிருந்து உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட கசடு. 2003இல் பிபிசி வானொலி அதை எடுத்துப்போய் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது காட்மியமும் ஈயமும் இருப்பது தெரிந்தது. இந்தச் செய்தி கருத்தரங்க மேடையில் ஒலிக்கும் அதே நேரத்தில், இரண்டு கட்டடம் தள்ளி வேதியியல் லேபில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பாருங்கள். டைகுரோமேட் டைட்ரேஷன். மாணவர் பியூரெட்டில் 50 மில்லி கரைசல் ஊற்றுகிறார். இருபது மில்லியிலேயே நிறம் மாறி முடிவு வந்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் ஆரஞ்சு நிறக் கரைசலைச் சிங்கில் திறந்துவிடுகிறார். அதில் இருப்பது அறுவலு குரோமியம். தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றிய பாடத்தில் புற்றுநோய்க் காரணி என்று தேர்வுக்குப் படித்த அதே பொருள். சிங்கின் குழாய் எங்கே போகிறது? பல கல்லூரிகளில் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் உறிஞ்சுகுழிக்கு. அங்கிருந்து? போர்வெல் இருக்கும் திசைக்கு.

இதை நிறுத்தப் பெரிய நிதி வேண்டாம். லேப் மூலையில் ஒரு கேன், அதன்மேல் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு. மிச்சத்தையெல்லாம் அதில் ஊற்றவேண்டும். வாரக் கடைசியில் ஃபெரஸ் சல்பேட் போட்டால் அறுவலு குரோமியம் மூவலு குரோமியமாகும். சுண்ணாம்பு சேர்த்தால் கசடாக அடியில் படியும். அந்தச் சிறிய கசடை மூடி வைத்து, உரிமம் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பினால் போதும். சொல்லப்போனால் இதுவே அருமையான ஒரு வேதியியல் பரிசோதனை. லேபிலேயே இன்னொரு ஓட்டை, காய்ச்சி வடிக்கும் கருவி. ஒரு லிட்டர் வடிநீர் தயாரிக்க, குளிர்விப்பதற்கு மட்டும் பத்து லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் ஓடி வீணாகிறது. அந்தக் குழாயின் நுனியை ஒரு தொட்டியில் விட்டால் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவ ஆகும். லேப் அட்டெண்டருக்கு இது பல வருடமாகத் தெரியும். அவரை யாரும் கேட்டதில்லை.

கல்லூரியில் தண்ணீரையும் மின்சாரத்தையும் குப்பையையும் உண்மையில் ஆள்பவர்கள் பேராசிரியர்கள் இல்லை. மோட்டார் போடும் வாட்ச்மேன், லேப் அட்டெண்டர், கேன்டீன் நடத்தும் அக்கா, கூட்டிப் பெருக்கும் தற்காலிகப் பணியாளர்கள், பழைய விடைத்தாளையும் உடைந்த கம்ப்யூட்டரையும் எங்கே அடுக்குவது என்று முடிவுசெய்யும் அலுவலக உதவியாளர் ஆகியோரின் கையில்தான் அது இருக்கிறது. காலையில் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து சுவரெல்லாம் பாசி பிடித்திருக்கும் கட்டடம் எந்த ஊரிலும் உண்டு. மிதவை ஸ்விட்ச் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாட்ச்மேன் கேட்டால், 'எஸ்டிமேட் போடணும், பொதுப்பணித் துறைக்கு எழுதணும்' என்பார்கள். அவர் ஒருநாள் கேட்டுப் பார்ப்பார், மறுநாள் விட்டுவிடுவார். 'வளங்குன்றா வளர்ச்சி' என்ற தலைப்பில் நடக்கும் பயிலரங்குக்கு இவர்களில் ஒருவரையாவது அழைத்ததுண்டா? நாற்காலி போட அழைத்திருப்பார்கள்.

பாடத்திட்டத்தின் கதையையும் சொல்லவேண்டும். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. எல்லோரும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். 2003 டிசம்பரில் நீதிமன்றம் மீண்டும் கண்டிப்பாகச் சொன்ன பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறு மாதப் பாடம் எல்லா இளநிலைப் படிப்புக்கும் வந்தது. ஐம்பது வகுப்புகள், எட்டு அலகுகள். எட்டாவது அலகுக்குப் பெயர் களப்பணி: பக்கத்து ஆற்றுக்குப் போ, மாசுபட்ட ஓர் இடத்தைப் பார், உள்ளூர்ச் செடியையும் பூச்சியையும் பறவையையும் கவனி. முழுப் பாடத்திலும் உயிருள்ள பகுதி அதுதான். பல கல்லூரிகளில் அது இருபது பக்க ரெக்கார்டாகச் சுருங்கிவிட்டது. அந்த ரெக்கார்டும் முந்தைய ஆண்டு அண்ணனிடமிருந்து இரவல் வாங்கியது. பிறகு கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் மதிப்பீட்டில் ஏழாவது அளவுகோல் வந்தது, பசுமைத் தணிக்கை வந்தது. வெளியூரிலிருந்து ஒருநாள் வந்து, மரங்களை எண்ணி, எல்இடி பல்பைப் படம் பிடித்து, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகும் தணிக்கையை நான் தணிக்கை என்று சொல்லமாட்டேன்.

சுற்றறிக்கைக்குக் காத்திராத ஆசிரியர்கள் இதே மாநிலத்தில் இருந்திருக்கிறார்கள். குந்திப்புழையில் அணை கட்ட மின் வாரியம் கிளம்பியபோது அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டைப் பற்றி முதலில் எழுதிக் கிளப்பியவர்களில் ஒருவர் எம்.கே. பிரசாத், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். அவர் சார்ந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டது. பரிஷத்திலேயே எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை. மின்சாரம் வேண்டாமா, வேலை வேண்டாமா என்ற கேள்வி பலமாகவே இருந்தது. 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. நம் பாலக்காடு மாவட்டத்துக் காடு அது. வடக்கே பையன்னூர்க் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் ஜான் சி. ஜேக்கப் 1970களிலேயே மாணவர்களைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப்போய் முகாம் போட்டார். கேரளத்தின் பல சூழலியல் செயற்பாட்டாளர்கள் அந்த முகாம்களில் உருவானவர்கள். அவருக்கு நாக் மதிப்பெண் கிடைக்கவில்லை. அப்போது நாக்கே கிடையாது.

குப்பைக்கு வருவோம். கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2023 மார்ச் 2 அன்று பற்றிக்கொண்டு பல நாள் எரிந்த பிறகு, கேரளம் இந்த விஷயத்தில் கண்டிப்பாகிவிட்டது. அபராதம் கூடியது. குடும்பஸ்ரீ பெண்களின் ஹரித கர்ம சேனை வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் வாங்குகிறது. 2024 அக்டோபர் 2 முதல் 2025 மார்ச் 30 வரை 'மாலின்ய முக்தம் நவகேரளம்' இயக்கம் நடந்தது. அதில் கல்லூரிகளும் பசுமைக் கலாலயங்களாக அறிவிக்கப்பட்டன. பாராட்டவேண்டிய வேலைதான். ஆனால் எல்லையில் இருப்பவருக்கு வேறொரு காட்சியும் தெரியும். அதே 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டம் கோடகநல்லூரில் கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரளமே லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிச் சென்றது. கோவை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் ராத்திரி லாரி வந்து கொட்டிவிட்டுப் போவதும், ஊர்க்காரர்கள் மடக்கிப் பிடிப்பதும் பழைய செய்தி. ஆகவே 'பசுமைக் கல்லூரி' என்ற பலகை மாட்டிய நிறுவனத்திடம் ஒரே ஒரு ரசீதைக் கேட்கவேண்டும்: உங்கள் குப்பையை வாங்கியவர் யார், அவர் அதை எங்கே கொண்டுபோனார்?

இதைச் சொல்லித் தமிழ்நாட்டுப் பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளவும் முடியாது. பொள்ளாச்சியைச் சுற்றி நார்க்கழிவைக் கழுவி உப்பு நீக்கும் தொழில் பெருகி, கழுவிய நீர் நிலத்தடிக்கு இறங்கியதால், 2021இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றவேண்டி வந்தது. லாரி எல்லையைத் தாண்டினால் சோதனைச்சாவடி பிடிக்கும். நிலத்தடி நீர் தாண்டுவதை யார் பிடிப்பது?

அதற்குத்தான் கல்லூரிகள் வேண்டும். இரு பக்கமும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். இரண்டாண்டில் 240 மணி நேரம் சேவை செய்யவேண்டும் என்பது விதி. அதில் பெரும்பகுதி வளாகத்துப் புல்லைச் செதுக்குவதில் கழிகிறது. நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. மாணவர்கள் மாதம் ஒருமுறை அளக்கலாம். எல்லையின் இரு பக்கமும் ஆளுக்குப் பத்துப் பதினைந்து திறந்த கிணறுகளைத் தோட்டக்காரர்களின் சம்மதத்தோடு எடுத்துக்கொள்ளட்டும். கயிற்றில் எடை கட்டி இறக்கி நீர்மட்டம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரைத் தோய்த்து உப்பின் அளவு. மாதத்தின் ஒரே தேதி, ஒரே கிணறு, ஒரே படிவம். மூன்றாண்டு போனால், கோழிக்கோட்டிலோ கோயம்புத்தூரிலோ யாரிடமும் இல்லாத ஒரு பதிவேடு இங்கே இருக்கும். மூலத்தறைக் கால்வாயில் தண்ணீர் விட்டால் எந்தக் கிணறு எத்தனை நாளில் ஏறுகிறது என்று சொல்லமுடியும். புள்ளியியல் மாணவருக்கும் புவியியல் மாணவருக்கும் ஆய்வுப் பொருள் கிடைக்கும். தமிழ்த் துறைக்கும் வேலை உண்டு: கிணற்றைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர் சொல்லும் ஐம்பது வருடத்துக் கதையைக் கேட்டு எழுதி வைப்பது. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துத் தரச்சொல்லும் அறிவிப்பு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கும் தமிழ் ஊர்களுக்கு அதைத் தமிழில் எழுதிக்கொடுக்கவும் அவர்களே போதும்.

வளாகத்துக்குள் கூரையிலிருந்து தொடங்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர மீட்டர் மொட்டைமாடியில், மழை குறைந்த இந்த ஊரிலும் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் என்று வைத்தால் பத்து லட்சம் லிட்டர். ஆவியானது சிந்தியது போக எட்டு லட்சம். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் எண்பது லோடு. ஏப்ரலில் டேங்கருக்குக் காசு கொடுக்கும் எந்த நிர்வாகத்துக்கும் இந்தப் பெருக்கல் புரியும்.

'ஆசிரியர்களுக்கு நேரமில்லை' என்ற பதில் வரும். அதில் நியாயமும் உண்டு. கேரளத்தில் 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தபிறகு, செமஸ்டரை நடத்தி முடிப்பதே பெரும்பாடு. காலிப் பணியிடங்களில் கெஸ்ட் லெக்சரர்கள். அவர்களுக்குச் சம்பளமே தாமதம். அவர்கள் தலையில் இன்னொரு கிளப்பைக் கட்டுவது அநியாயம். ஆகவே புதிதாக எதையும் சேர்க்காமல், இருக்கும் இரண்டை எடுத்துவிட்டு இதை வைக்கலாம்: ஒரு விழிப்புணர்வுப் பேரணி, ஒரு போஸ்டர் போட்டி. யாருக்கும் நஷ்டமில்லை.

மலை ஏறினால் இதன் அவசரத்தை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் பெருமழையில் மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடத்தையே மண்சரிவு கொண்டுபோனது. அந்தப் பிள்ளைகளுக்குச் சரிவும் வடிகாலும் பாடப்புத்தகத்தில் இருப்பவை இல்லை. சமவெளியில் நிலத்தடி நீர் அப்படி ஒரே ராத்திரியில் இடிந்து விழாது என்பதால் நமக்கு அவசரம் தெரிவதில்லை.

மணக்கடவின் நீர்க்கணக்கு ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடிகிறது. கல்லூரி ஆண்டும் ஏறக்குறைய அதேதான். வரும் ஜூலை முதல் தேதிக்குள் வளாகத்தின் ஒவ்வொரு போர்வெல்லுக்கும் ஒரு மீட்டர் பொருத்த முடியும். சில ஆயிரம் ரூபாய்தான் செலவு. காலையில் மோட்டார் போடும்போது வாட்ச்மேன் எண்ணைக் குறிக்கட்டும், மாதக் கடைசியில் அவரும் ஒரு மாணவரும் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். அரசுக் கல்லூரியில் மீட்டர் வைக்கப் பொதுப்பணித் துறையின் அனுமதி வேண்டியிருக்கலாம். அனுமதி கேட்கும் கடிதத்தில் கல்லூரி முதல்வர் இந்த வாரமே கையெழுத்திட்டால்தான் ஜூலைக்குள் பதில் வரும்.